சேலம் சூனிய வழக்குகள் (1692): சட்டம் இல்லாததாலா நீதி தவறியது?

ஏடுபடிப்பவர் கேட்கிறார்:

அவையோருக்கு வணக்கம். 1692-ஆம் ஆண்டில், அன்று ஆங்கிலேயக் குடியேற்றமாக இருந்த மாசசூசெட்ஸின் சேலம் பகுதியில் நடந்த சூனிய வழக்குகளைப் பற்றி அண்மைக் காலமாகப் படித்துவருகிறேன். சேலம் கிராமத்துப் பாதிரியார் சாமுவேல் பாரிஸின் வீட்டுச் சிறுமியர் இருவருக்கு வலிப்புப் போன்ற தொல்லைகள் தோன்றியதும், பிப்ரவரி 29 அன்று டிடூபா என்ற அடிமைப்பெண், சாரா குட், சாரா ஆஸ்போர்ன் ஆகிய மூவர்மீது பிடியாணை பிறந்ததும், செப்டம்பர் முடிவதற்குள் 14 பெண்களும் 5 ஆண்களும் தூக்கிலிடப்பட்டதும், ஒரு முதியவர் கற்களால் நசுக்கிக் கொல்லப்பட்டதும், குறைந்தது 5 பேர் சிறையிலேயே இறந்ததும் பலரும் அறிந்த செய்திகள். எரித்துக் கொன்றார்கள் என்று இன்றும் சிலர் எழுதுகிறார்கள். சேலத்தில் எவரும் எரிக்கப்படவில்லை, ஆங்கிலச் சட்டப்படி அந்தக் குற்றத்துக்குரிய தண்டனை தூக்குதான்.

என் ஐயம் வேறு. இவ்வழக்குகளைப் பற்றிய பெரும்பாலான கட்டுரைகள், ஊரே வெறிபிடித்து ஆடியது, நீதிபதிகளும் அந்தக் காலத்து மூடநம்பிக்கையில் ஊறியவர்கள், ஆகவே அவர்களிடம் வேறெதையும் எதிர்பார்த்திருக்க முடியாது என்ற போக்கில் முடிந்துவிடுகின்றன. ஆனால் அங்கே ஒரு நீதிமன்றம் இருந்தது. குற்றப்பத்திரிகை, ஜூரி, சாட்சிகளின் வாக்குமூலம், தலைமை நீதிபதியின் கையொப்பத்துடன் தூக்கு ஆணை என்று எல்லாம் முறைப்படி நடந்ததாகவே ஆவணங்கள் காட்டுகின்றன. அப்படியானால் தவறு எங்கே நிகழ்ந்தது? அன்றைய சட்டமே நிரபராதியைக் காக்கும் ஏற்பாடு எதுவும் இல்லாததாக இருந்ததா, அல்லது ஏற்பாடு இருந்தும் நீதிபதிகள் அதைப் பொருட்படுத்தவில்லையா? அறிந்தவர்கள் சற்று விரிவாக விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

---

வழக்காடி எழுதியது:

ஐயா, இரண்டாவது சொன்னதே சரி என்பது என் கருத்து. நிரபராதியைக் காக்கும் விதிகள் அன்றைய மாசசூசெட்ஸ் சட்டத்திலேயே எழுதப்பட்டிருந்தன. அவற்றை நினைவூட்டிய மனிதர்களும் அந்தக் கோடையிலேயே இருந்தார்கள். ஒவ்வொரு முறையும் நீதிமன்றம் கேட்காமல் விட்டது.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். 1641-இல் அக்குடியேற்றம் தனக்கென வகுத்துக்கொண்ட உரிமைத் தொகுப்பு, சூனியக்காரர் எவராயினும் கொல்லப்பட வேண்டும் என்று விவிலியத்தின் யாத்திராகமத்தை மேற்கோள் காட்டிச் சொல்லியது உண்மைதான். ஆனால் அதே தொகுப்பு, இரண்டு அல்லது மூன்று சாட்சிகளோ அதற்கு ஈடான சான்றோ இல்லாமல் எவருக்கும் மரண தண்டனை விதிக்கலாகாது என்றும் சொல்லியது. சூனிய வழக்குகளைப் பற்றி எழுதிய வில்லியம் பெர்கின்ஸ், ரிச்சர்ட் பெர்னார்ட் போன்ற ஆங்கில இறையியலாளர்கள் சூனியத்தை முழுமையாக நம்பியவர்கள். அவர்களே, தண்டிக்கப் போதுமான சான்று என்பது குற்றவாளியின் ஒப்புதலோ நம்பத்தகுந்த இரு சாட்சிகளோதான் என்று வரம்பு கட்டியிருந்தார்கள். மாசசூசெட்ஸ் நீதிபதிகள் இவர்களை அறியாதவர்கள் அல்லர்.

சேலத்தில் நடந்ததோ ஆவியுருச் சாட்சியத்தின் ஆட்சி. இன்னாருடைய உருவம் நேற்றிரவு என் படுக்கையருகே வந்து கழுத்தை நெரித்தது, கிள்ளியது, பிசாசின் ஏட்டில் கையொப்பமிடச் சொல்லியது என்று பாதிக்கப்பட்டவள் கூறுவாள். அந்த உருவம் அவள் கண்ணுக்கு மட்டுமே தெரியும். குற்றஞ்சாட்டப்பட்டவர் அந்நேரம் பல கல் தொலைவில் உறங்கிக்கொண்டிருந்தார் என்று பத்துப் பேர் உறுதிசொன்னாலும் பயனில்லை, ஏனெனில் வந்தது உடல் அல்ல. மறுக்கவே முடியாத சாட்சியம் சாட்சியமே ஆகாது என்பது வழக்குமன்றத்தில் ஒரு நாள் நின்றவருக்கும் புரியும். பிசாசால் ஒரு நல்லவரின் உருவத்தையும் எடுத்துவர முடியுமா என்ற கேள்வி அப்போதே எழுந்தது. முடியும் என்றால் இந்தச் சாட்சியம் முழுவதும் விழுந்துவிடும். கடவுள் அதை அனுமதிக்கமாட்டார் என்று தலைமை நீதிபதி வில்லியம் ஸ்டௌட்டன் உறுதியாக நம்பினார். தீர்ப்புகள் பெரும்பாலும் அந்த நம்பிக்கையின்மேல் நின்றன. நீதிமன்றத்தில் அமர்ந்த எவரும் முறையாகச் சட்டம் பயின்றவர் அல்லர்; ஸ்டௌட்டன் படித்தது இறையியல்.

எச்சரிக்கைகள் வராமல் இல்லை. ஜூன் 2 அன்று பிரிட்ஜெட் பிஷப்பின் வழக்கு விசாரிக்கப்பட்டு, ஜூன் 10 அன்று அவர் தூக்கிலிடப்பட்டார். அதை ஒட்டி நீதிபதிகளில் ஒருவரான நத்தானியேல் சால்டன்ஸ்டால், நடைமுறையில் மனநிறைவு இல்லாமல் பதவியை விட்டு விலகினார். ஜூன் 15 அன்று பாஸ்டன் வட்டாரப் பாதிரியார்கள் ஓர் அறிக்கை அளித்தார்கள். ஆவியுருச் சாட்சியத்தை மட்டும் வைத்து எவரையும் தண்டிக்க வேண்டா, குற்றஞ்சாட்டப்பட்டவர் தொட்டவுடன் வலிப்பு நிற்கிறதா என்று பார்க்கும் சோதனையையும் நம்ப வேண்டா என்று அதில் தெளிவாகக் கூறியிருந்தார்கள். ஆனால் கடைசியில், குற்றவாளிகளை விரைந்தும் உறுதியுடனும் தண்டிக்க வேண்டும் என்றும் ஒரு பத்தியைச் சேர்த்துவிட்டார்கள். அறிக்கையை எழுதியவர் காட்டன் மேதர். நீதிமன்றம் கடைசிப் பத்தியை மட்டும் எடுத்துக்கொண்டது. அந்தப் பாதிரியார்களின் மேல் எனக்கு இன்றும் கோபம் உண்டு.

நீதி எவ்வாறு திசைமாறியது என்பதைக் காண ரெபெக்கா நர்ஸின் வழக்கு ஒன்றே போதும். 71 வயது மூதாட்டி, ஊரில் பக்திக்குப் பெயர்பெற்றவர். ஏறத்தாழ 40 அயலார் அவருக்காக மனுவில் கையொப்பமிட்டார்கள், சூனியப் பழிக்கு ஆளானவருக்காகக் கையொப்பமிடுவது தன் கழுத்தையே நீட்டுவதாக இருந்த அந்த நாள்களில். ஜூன் இறுதியில் ஜூரி அவரைக் குற்றமற்றவர் என்று அறிவித்தது. அறிவித்த கணத்தில் குற்றஞ்சாட்டிய பெண்கள் கூக்குரலிட்டு விழுந்து புரண்டார்கள். ஸ்டௌட்டன் ஜூரியைப் பார்த்து, இவர் முன்பு சொன்ன ஒரு வாக்கியத்தைக் கவனித்தீர்களா என்று கேட்டார். டெலிவரன்ஸ் ஹாப்ஸ் என்ற பெண், சூனியம் செய்ததாக ஒப்புக்கொண்டு மற்றவர்களுக்கு எதிராகச் சாட்சிசொல்ல அழைத்துவரப்பட்டபோது, இவள் எங்களில் ஒருத்தியாயிற்றே என்று நர்ஸ் கூறியிருந்தார். தன்னுடன் சிறையிலிருந்த கைதி என்பதே அவர் நினைத்த பொருள். ஜூரித் தலைவர் தாமஸ் ஃபிஸ்க் விளக்கம் கேட்டபோது நர்ஸ் பதில் சொல்லவில்லை. அவருக்குக் காது சரியாகக் கேட்காது, துயரத்தில் ஆழ்ந்தும் இருந்தார். அந்த மௌனத்தைக் குற்றத்துக்குச் சான்றாகக் கொண்டு ஜூரி தன் தீர்ப்பை மாற்றியது. ஆளுநர் வில்லியம் ஃபிப்ஸ் தண்டனையை நிறுத்திவைத்தார், பிறகு அந்த ஆணையையும் திரும்பப் பெற்றார். ஜூலை 19 அன்று மற்ற நால்வருடன் நர்ஸ் தூக்கிலிடப்பட்டார். ஜூரி முறை இங்கே சரியாகவே இயங்கியது என்பதைக் கவனிக்க வேண்டும்; அதன் விடையை ஏற்க மறுத்தது நீதிபதியின் இருக்கை.

அதே ஜூன் இறுதியில் விசாரிக்கப்பட்ட சாரா குட்டின் வழக்கில் நடந்ததாகப் பாஸ்டன் வணிகர் ராபர்ட் கேலஃப் பின்னர் எழுதிவைத்த ஒரு நிகழ்ச்சி இதைவிட வெளிப்படையானது. குட்டின் ஆவியுரு தன்னைக் கத்தியால் குத்தியது என்று கூவிய ஒரு பெண், உடைந்த கத்தி முனையையும் எடுத்துக் காட்டினாள். ஓர் இளைஞன் எழுந்து, முந்தைய நாள் தன் கத்தி உடைந்ததையும் முனையை அவள் முன்னிலையிலேயே எறிந்ததையும் கூறி, மீதிக் கத்தியை நீட்டினான், இரண்டும் பொருந்தின. நீதிமன்றம் அவளைப் பொய் சொல்லாதே என்று கண்டித்துவிட்டு, தொடர்ந்து சாட்சி சொல்ல வைத்தது.

இவை எல்லாவற்றையும்விடக் கொடியது ஒப்புதலுக்குக் கிடைத்த பரிசு. சூனியம் செய்தேன் என்று ஒப்புக்கொண்டு வேறு பெயர்களைச் சொன்னவர்களை, சாட்சியாகப் பயன்படும் என்பதற்காக உயிரோடு வைத்தார்கள், மறுத்தவர்களைத் தூக்கிலிட்டார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் ஒப்புக்கொண்டார்கள். சாமுவேல் வார்ட்வெல் ஒப்புக்கொண்டுவிட்டுப் பின்னர் அது பொய் என்று திரும்பப் பெற்றார், செப்டம்பர் 22 அன்று தூக்கில் தொங்கினார். ஒப்புதல்கள் எப்படிப் பெறப்பட்டன என்பதையும் நீதிமன்றம் அறியாமல் இல்லை. ஜான் ப்ராக்டர் ஜூலை 23 அன்று சிறையிலிருந்து பாஸ்டன் பாதிரியார்களுக்கு எழுதிய கடிதத்தில், மார்த்தா கேரியரின் மகன்களைக் கழுத்தையும் குதிகால்களையும் சேர்த்துக் கட்டிப்போட்டு ஒப்புக்கொள்ள வைத்ததையும், தன் மகன் வில்லியமை மூக்கில் இரத்தம் வழியும்வரை அவ்வாறே கட்டிவைத்ததையும் விவரித்து, வழக்கைப் பாஸ்டனுக்கு மாற்றுங்கள், அது முடியாவிட்டால் நீதிபதிகளையாவது மாற்றுங்கள் என்று வேண்டினார். ஆகஸ்டு 19 அன்று அவரும் தூக்கிலிடப்பட்டார்.

---

பழஞ்சுவடி எழுதியது:

வழக்காடி ஐயாவின் விளக்கம் வழக்குமன்றத்துக்குள் நடந்ததைத் துல்லியமாகக் காட்டுகிறது. ஆனால் அந்த மன்றம் நின்ற நிலத்தையும் பார்க்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். நீதிபதிகளுக்கு வக்காலத்து வாங்குவது என் நோக்கமல்ல.

மாசசூசெட்ஸுக்கு ஆட்சியுரிமை தந்த பழைய சாசனத்தை இங்கிலாந்து 1684-இல் நீக்கிவிட்டது. அதன்பின் அனுப்பப்பட்ட ஆளுநர் ஆன்ட்ரோஸை 1689-இல் மக்கள் எழுச்சி கவிழ்த்தது. 1692 மே 14 அன்று ஃபிப்ஸ் புதிய சாசனத்துடன் கப்பலில் வந்து இறங்கும்வரை அக்குடியேற்றத்துக்கு முறையான அரசே இல்லை எனலாம். மரண தண்டனைக்குரிய வழக்கை விசாரிக்கத் தங்களுக்கு அதிகாரம் உண்டா என்று உறுதியாகச் சொல்லும் நிலையில் எவரும் இருக்கவில்லை. ஆகவே மார்ச், ஏப்ரல், மே மாதங்களில் பூர்வாங்க விசாரணையும் கைதும் மட்டுமே நடந்தன, சிறைகள் நிரம்பின. வந்திறங்கிய ஆளுநர் மே 27 அன்று ஓயர் அண்ட் டெர்மினர் என்ற சிறப்பு நீதிமன்றத்தை அமைத்து, துணை ஆளுநரான ஸ்டௌட்டனிடம் ஒப்படைத்துவிட்டு எல்லைப் போரைக் கவனிக்கப் போனார். நீதிமன்றங்களை நிறுவும் அதிகாரம் புதிய சாசனப்படி சட்டமன்றத்துக்கே உரியது, ஆளுநருக்கு உரியதல்ல என்று வாதிடுவோர் உண்டு. அந்த வாதம் சரியானால், முதல் தூக்குக்கு முன்பே அடித்தளம் பழுதுபட்டுவிட்டது.

எல்லைப் போர் என்பதும் சிறிய செய்தியல்ல. 1692 சனவரியில் வடக்கே மெய்ன் பகுதியின் யார்க் ஊரை அபெனாக்கி என்ற பூர்வகுடியின் வீரர்கள் தாக்கினார்கள். பலர் கொல்லப்பட்டார்கள், பலர் சிறைபிடிக்கப்பட்டார்கள். குற்றஞ்சாட்டிய பெண்களில் சிலர் மெய்ன் பகுதியில் பெற்றோரை இழந்து, சேலத்தில் பிறர் வீட்டில் வேலைசெய்து பிழைத்தவர்கள். சேலத்தின் முன்னாள் பாதிரியார் ஜார்ஜ் பரோஸை மெய்னிலிருந்து கட்டி இழுத்துவந்து, சூனியக் கூட்டத்தின் தலைவர் என்று குற்றஞ்சாட்டியதை இந்த அச்சத்தோடு சேர்த்தே புரிந்துகொள்ள முடியும். (ரொட்டித் தானியத்தில் படர்ந்த பூஞ்சைதான் காரணம் என்று 1976-இல் ஒரு கருதுகோள் வந்தது. வரலாற்றாசிரியர் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. பூஞ்சை பிடியாணையில் கையொப்பமிடாது.)

மேலும், ஆவியுருச் சாட்சியத்தைச் சேலம் நீதிபதிகள் தாமாகக் கண்டுபிடிக்கவில்லை. 1662-இல் இங்கிலாந்தின் பரி செயின்ட் எட்மண்ட்ஸில், பெரும் சட்ட அறிஞர் என்று போற்றப்பட்ட மேத்யூ ஹேல் முன்னிலையில் அத்தகைய சாட்சியம் ஏற்கப்பட்டு இரு பெண்கள் தூக்கிலிடப்பட்டார்கள். அவ்வழக்கின் அறிக்கை 1682-இல் அச்சாகி, பாஸ்டன் வரை வந்து சேர்ந்திருந்தது. குற்றஞ்சாட்டப்பட்டவருக்காக வழக்கறிஞர் வாதிடவில்லையே என்று சிலர் கேட்கிறார்கள். பெருங்குற்ற வழக்குகளில் அன்றைய ஆங்கிலச் சட்டமே அதை அனுமதிக்கவில்லை. எழுத்தறிவில்லாத ஓர் ஏழைப் பெண், ஒரு பக்கம் நீதிபதிகளும் மறுபக்கம் அலறும் கூட்டமும் நிற்க, தனக்குத்தானே வாதாட வேண்டியிருந்தது. இது சேலத்துக்கு மட்டும் உரிய கொடுமையல்ல. எனவே குற்றத்தின் ஒரு பகுதியை லண்டன் சட்டத்தின் கணக்கிலும் எழுதத்தான் வேண்டும்.

---

நெய்தல் எழுதியது:

பழஞ்சுவடி ஐயா சொன்ன போரும் அச்சமும் எல்லாம் உண்மை. ஆயினும் அதே ஆண்டில், அதே ஆங்கிலச் சட்டத்தின்கீழ், அதே சமயக் கொள்கை கொண்ட பக்கத்துக் குடியேற்றம் ஒன்று வேறுவிதமாக நடந்துகொண்டதே, அதற்கு என்ன விளக்கம்? கனெக்டிகட்டைச் சொல்கிறேன்.

அங்கேயும் கறை உண்டு. 1647-இல் ஹார்ட்ஃபோர்டில் தூக்கிலிடப்பட்ட ஆல்ஸ் யங் என்ற பெண்தான் அமெரிக்க ஆங்கிலேயக் குடியேற்றங்களில் சூனியத்துக்காகக் கொல்லப்பட்டவர்களில் முதலாமவர் எனக் கருதப்படுகிறார். 1662, 1663 ஆண்டுகளில் ஹார்ட்ஃபோர்டில் பெரும் பீதி எழுந்து பலர் தூக்கிலிடப்பட்டார்கள். அப்போது ஆளுநர் ஜான் வின்த்ராப் இளையவர் சாசனம் பெறுவதற்காக லண்டனில் இருந்தார். மருத்துவமும் இரசவாதமும் கற்றவர். மாயவித்தை என்று பாமரர் சொல்வதில் எது மெய், எது பிதற்றல் என்பதில் அவருக்குத் தனிக் கருத்து இருந்தது. அவர் திரும்பிய பிறகு கனெக்டிகட்டில் ஒருவர்கூடச் சூனியத்துக்காகத் தூக்கிலிடப்படவில்லை. எலிசபெத் சீகரைக் குற்றவாளி என்று ஜூரி அறிவித்தபோது தண்டனையைத் தள்ளிப்போட்டே வந்து, இறுதியில் விடுதலைக்கு வழிசெய்தார். 1669-இல் கேதரின் ஹாரிசனையும் ஜூரி குற்றவாளி என்றது. நீதிபதிகள் தண்டனை விதிக்கத் தயங்கிப் பாதிரியார்களிடம் சில கேள்விகளை அனுப்பினார்கள். சாட்சிகள் இருவர் என்றால் ஒருவர் ஒரு நிகழ்ச்சியையும் மற்றவர் வேறொரு நிகழ்ச்சியையும் சொல்வது போதாது, ஒரே செயலை இருவரும் கண்டிருக்க வேண்டும் என்ற பதில் வந்தது. சூனிய வழக்குகளில் பெரும்பாலும் ஆளுக்கொரு கதைதான் வரும் என்பதால், இந்த ஒரு விதி வழக்கின் முதுகெலும்பை முறித்துவிட்டது. ஹாரிசன் ஊரைவிட்டுப் போக வேண்டும் என்ற நிபந்தனையோடு உயிர்தப்பினார். அது நியாயமான முடிவு என்று நான் சொல்லவில்லை. சொந்த வீட்டையும் நிலத்தையும் விட்டு ஓர் கைம்பெண் துரத்தப்பட்டாள். ஆனால் கயிறு ஏறவில்லை.

1692-இல் சேலம் எரிந்துகொண்டிருந்த அதே வேளையில் கனெக்டிகட்டின் ஃபேர்ஃபீல்டிலும் வழக்குகள் வந்தன. மெர்சி டிஸ்பரோ என்பவர் மரண தண்டனை பெற்றார். ஜூரியில் ஒருவர் இரண்டாம் அமர்வுக்கு வராததால் வேறொருவரை அவர் இடத்தில் அமர்த்தியிருந்தார்கள். விசாரணையைத் தொடங்கிய பன்னிருவரும் முடித்த பன்னிருவரும் வேறு என்ற காரணத்தைக் காட்டி, மூன்று அதிகாரிகள் தண்டனையை நிறுத்தினார்கள். தாங்கள் எழுதிய விளக்கத்தில், இப்படிப்பட்ட சான்றுகளைப் பிடித்துக்கொண்டு மாசசூசெட்ஸ் படும் பாடே போதிய எச்சரிக்கை என்றும் குறிப்பிட்டார்கள். அவர்களும் சூனியம் உண்டு என்றே நம்பியிருக்க வேண்டும். நம்பிக்கொண்டே சான்று போதவில்லை என்று சொல்ல முடிந்திருக்கிறது.

ஹேலின் வழக்கைப் பற்றியும் ஒன்று. அங்கே பாதிக்கப்பட்ட பெண்ணின் கண்ணைக் கட்டிவிட்டு வேறொரு பெண்ணைக் கொண்டு தொடச்செய்தபோதும், சூனியக்காரி தொட்டாற்போலவே அவள் துடித்தாள். சோதனையில் கலந்துகொண்ட கனவான்கள் இது வெறும் பாசாங்கு என்று நீதிமன்றத்திலேயே கூறினார்கள். அந்த 1682 அறிக்கையைப் படித்தவர் கண்ணில் அதுவும் பட்டிருக்கும்.

---

பழஞ்சுவடி எழுதியது:

கனெக்டிகட் ஒப்பீட்டை ஏற்கிறேன், அம்மா. லண்டன் சட்டத்தின் கணக்கில் நான் எழுதியதில் பாதியையாவது அடித்துவிட வேண்டியதுதான். அங்கே ஆளுநர் மனம் வைத்தார் என்றால், மாசசூசெட்ஸில் ஃபிப்ஸுக்கு அந்த மனம் வர அக்டோபர் ஆயிற்று. அக்டோபர் 3 அன்று காட்டன் மேதரின் தந்தையான பாதிரியார் இன்கிரீஸ் மேதர், ஒரு நிரபராதி தண்டிக்கப்படுவதைவிடச் சூனியக்காரர் என ஐயுறப்படும் பத்துப் பேர் தப்பிப்போவது மேல் என்று பாதிரியார்கள் கூட்டத்தில் வாசித்தார். அதே மாதத்தில் பாஸ்டன் வணிகர் தாமஸ் பிராட்டில் நீதிமன்றத்தின் நடைமுறையைக் கிழித்துக் காட்டும் கடிதம் ஒன்றை எழுதினார். ஆளுநரின் மனைவியின் பெயரும் அப்போது சிலர் வாயில் அடிபடத் தொடங்கியிருந்தது. எது எவ்வளவு பங்கு வகித்தது என்பது அவரவர் ஊகம். அக்டோபர் 29 அன்று சிறப்பு நீதிமன்றம் கலைக்கப்பட்டது.

1693 சனவரியில் சட்டமன்றம் அமைத்த உயர் நீதிமன்றம் கூடியபோது தலைமை நீதிபதி பழைய ஸ்டௌட்டனே, அவருடன் அமர்ந்தவர்களில் பெரும்பாலோரும் பழையவர்களே. மாறியது ஒன்றுதான்: ஆவியுருச் சாட்சியத்தை ஒதுக்கினார்கள். வழக்குகள் மளமளவென்று விழுந்தன. மூவர் மட்டுமே குற்றவாளிகள் எனக் காணப்பட்டார்கள். அந்த மூவருக்கும் முன்பே தண்டிக்கப்பட்ட ஐவருக்கும் ஸ்டௌட்டன் தூக்கு ஆணையில் கையொப்பமிட்டார், ஃபிப்ஸ் நிறுத்தினார், ஸ்டௌட்டன் சினந்து இருக்கையைவிட்டு எழுந்து போனார். வழக்காடி ஐயா சொன்னதற்கு இதைவிடப் பெரிய சான்று தேவையில்லை என்று இப்போது தோன்றுகிறது.

---

ஏடுபடிப்பவர் எழுதியது:

மூவருக்கும் நன்றி. இன்னும் இரண்டு கேள்விகள். ஜைல்ஸ் கோரி, தன் சொத்து அரசுக்குப் போகாமல் மகள் குடும்பங்களுக்குச் சேர வேண்டும் என்பதற்காகவே வாய்திறக்காமல் இறந்தார் என்று பல இடங்களில் படித்தேன், அது சரியா? பின்னர் அரசு இழப்பீடு வழங்கியதாகவும் அறிகிறேன். அது எந்த அளவுக்கு நடந்தது, நீதிபதிகளில் யாராவது பொறுப்பேற்றார்களா?

---

வழக்காடி எழுதியது:

கோரிக்கு அப்போது ஏறத்தாழ 80 வயது. குற்றப்பத்திரிகைக்கு, ஜூரியின் விசாரணைக்கு உட்படுகிறேன் என்று சொல்ல மறுத்தார். சொல்லாதவரை விசாரிக்க இயலாது. ஆகவே ஒப்புக்கொள்ளும்வரை மார்பின்மேல் கற்களை ஏற்றும் பழைய ஆங்கில முறையைக் கையாண்டார்கள். செப்டம்பர் 19 அன்று அதிலேயே உயிர் போயிற்று. மூன்று நாள் கழித்து அவர் மனைவி மார்த்தாவும் தூக்கிலிடப்பட்டார். சொத்தைப் பற்றிய கதையில் பாதியே தேறும். அவர் தம் நிலத்தை மருமகன்கள் பெயருக்கு எழுதிக்கொடுத்தது உண்மை. ஆனால் 1641 தொகுப்புப்படி மரண தண்டனை பெற்றவரின் நிலம் வாரிசுகளுக்கே சேரும், அரசு எடுக்க இயலாது. அவர் வாய்திறந்திருந்தாலும் சட்டப்படி நிலம் போயிருக்காது. தமக்கு முன் விசாரிக்கப்பட்ட அனைவரையும் குற்றவாளி என்றே சொன்ன ஒரு மன்றத்துக்கு முன் பேச அவர் மறுத்தார் என்று கொள்வதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. உடலுக்கு விதிக்கும் தண்டனைகளில் மனிதத்தன்மையற்றதும் கொடூரமானதும் கூடாது என்ற விதியும் அதே தொகுப்பில் இருந்தது என்பதை இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். சட்டம் எப்படியிருந்தாலும், ஷெரிஃப் ஜார்ஜ் கார்வின் குற்றஞ்சாட்டப்பட்டவர்களின் கால்நடைகளையும் வீட்டுப் பொருள்களையும் வாரிக்கொண்டு போனார். அவர் நீதிபதி ஜோனதன் கார்வினின் அண்ணன் மகன்.

சிறைக் கணக்கு தனி. கைதியின் உணவுக்கும் விலங்குக்கும் சிறைக்காவலருக்கும் ஆகும் செலவைக் கைதியே தர வேண்டும். குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்டவரும் அதைக் கட்டினால்தான் வெளியே வரலாம். லிடியா டஸ்டின் என்ற மூதாட்டி விடுதலையான பிறகும் கட்டணம் கட்ட முடியாமல் 1693 மார்ச்சில் சிறையிலேயே இறந்தார். டிடூபா ஓராண்டுக்கும் மேல் அடைபட்டுக் கிடந்தாள். பாரிஸ் கட்டணம் தர மறுத்ததால், வேறு ஒருவர் அதைச் செலுத்தி அவளை அழைத்துப்போனார்.

பொறுப்பேற்றவர் ஒருவர்தான். 1697 சனவரி 14-ஐ மாசசூசெட்ஸ் நோன்பு நாளாக அறிவித்தது. அன்று நீதிபதி சாமுவேல் சீவல் பாஸ்டன் தேவாலயத்தில் எழுந்து நிற்க, பழியும் வெட்கமும் தமக்கே உரியவை என்று அவர் எழுதியதைப் பாதிரியார் வாசித்தார். ஜூரியினர் பன்னிருவரும் மன்னிப்புக் கேட்டு எழுத்தில் கொடுத்தார்கள். அதில் ரெபெக்கா நர்ஸை முதலில் விடுவித்த ஃபிஸ்கும் இருந்தார். குற்றஞ்சாட்டியவர்களில் ஆன் பட்னம் இளையவள் 1706-இல் தேவாலயத்தில் மன்னிப்புக் கோரினாள். ஸ்டௌட்டன் கடைசிவரை ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஃபிப்ஸ் லண்டனுக்கு அழைக்கப்பட்ட பின் ஸ்டௌட்டனே பல ஆண்டுகள் மாசசூசெட்ஸின் ஆட்சியையே நடத்தி, 1701-இல் இறந்தார்.

இழப்பீடு 1711-இல் வந்தது. அக்டோபர் 17 அன்று சட்டமன்றம் 22 பேருடைய தீர்ப்பை நீக்கியது. குடும்பங்களுக்கு மொத்தம் 578 பவுண்டு 12 ஷில்லிங் வழங்கப்பட்டது. பகிர்ந்தளித்த விதம் விளங்கவில்லை: ப்ராக்டர் குடும்பத்துக்கு 150 பவுண்டு, நர்ஸ் குடும்பத்துக்கு 25. சாரா குட்டின் மகள் டாரத்தி, சிறையில் தள்ளப்பட்டபோது நான்கோ ஐந்தோ வயதுக் குழந்தை. ஏழெட்டு மாதங்கள் விலங்கில் கிடந்ததால் அவள் புத்தி பேதலித்து, பதினெட்டு ஆண்டுக்குப் பிறகும் தன்னைத் தானே பார்த்துக்கொள்ள இயலாதவளாக இருக்கிறாள் என்று அவள் தகப்பன் 1710-இல் மனு எழுதினார். அக்குடும்பத்துக்குக் கிடைத்தது 30 பவுண்டு. அதே சட்டம், அந்த வழக்குகளில் கடமையாற்றிய ஷெரிஃப், காவலர், சிறை அதிகாரி எவர்மீதும் வழக்குத் தொடர முடியாது என்ற பிரிவையும் சேர்த்தே இயற்றப்பட்டது.

மனு கொடுக்க உறவினர் இல்லாதவர்களின் பெயர்கள் அந்தப் பட்டியலில் இடம்பெறவில்லை. முதலில் தூக்கிலிடப்பட்ட பிரிட்ஜெட் பிஷப் உட்பட ஐவரின் பெயர்கள் 2001-இல்தான் சட்டத்தில் சேர்க்கப்பட்டன. 1693-இல் தண்டிக்கப்பட்டு ஃபிப்ஸின் ஆணையால் உயிர்தப்பிய எலிசபெத் ஜான்சன் இளையவள், தன் பெயரையும் நீக்கித் தருமாறு 1712-இலேயே விண்ணப்பித்திருந்தாள். வடக்கு ஆண்டோவர் பள்ளி ஒன்றின் எட்டாம் வகுப்பு மாணவர்கள் அவளுக்காக மனு எழுதி, சட்டமன்றம் அதை ஏற்றது 2022-இல்.